மூத்தாள் அறைச் சாவி

கறம்பக்குடி
ஈசுவர வருஷம் ஆனி 7 (1937)

அன்புள்ள அக்காவுக்கு,

பிரகதாம்பாள் எழுதுவது. நான் சுகம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகந்தானே? தையில் கல்யாணம் முடித்து அனுப்பியதோடு தங்கையை மறந்துவிட்டாய். ஒரு கார்டு போட்டால் கை தேய்ந்தா போகும்?

நான் முழுகாமல் இருக்கிறேன். இவருக்கு அடுத்து உனக்குத்தான் சொல்கிறேன். இவர் கடலை வியாபாரமாக நாகப்பட்டினம் போயிருக்கிறார், வர ஆடி பிறந்துவிடும். போகும்போது சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து, "எந்த ரூமை வேணாலும் தொறந்துக்க. மூத்தா ரூமை மட்டும் தொடாத" என்றார்.

உனக்குத் தெரிந்ததுதானே. இவருடைய முதல் சம்சாரம் செவந்தி அக்காள் காலராவில் சுமங்கலியாகப் போய், வீட்டுத் தெய்வமாக இருக்கும் அறை அது. அவளுக்குப் படைத்த சேலைகள் உள்ளே பெட்டியில் இருக்கின்றனவாம். ஆடி வெள்ளியில் இவரே தனியாகப் போய்ப் புதுச்சேலை வைப்பாராம். பூட்டின்மேல் சந்தனம் அப்பி, தன் மோதிரத்தை அழுத்தித் தடம் வைத்திருக்கிறார். இந்த வருஷத்து மஞ்சள் சேலை என் பெட்டியில் இருக்கிறது.

வெள்ளிதோறும் அந்தக் கதவின் முன்னால் விழுந்து, "பிள்ளையக் காப்பாத்திக் குடு தாயி" என்று கும்பிடுகிறேன். பதில் போடு.

உன் அன்புத் தங்கை,
பிரகதா

கறம்பக்குடி
ஆனி 19

அன்புள்ள அக்கா,

அவசரமாகக் கிறுக்குகிறேன், எழுத்து புரியாவிட்டால் கோபிக்காதே. மூத்தாள் அறைக் கதவில் கறையான் ஏறிவிட்டது. சேலைகளை அரித்துவிட்டால் தெய்வக்குற்றம் என் வயிற்றில்தானே விழும்? வேலைக்கார மருதாயி, "ஐயா வரட்டும்மா" என்று தடுத்தாள். நான் கேட்கவில்லை. திறந்துவிட்டேன்.

பெட்டி காலி, அக்கா. சேலை இல்லை, ஒரு நூல்கூட இல்லை. விளக்கு ஏற்றிய எண்ணெய்ப் பிசுக்குக்கூடத் தரையில் இல்லை. தெய்வம் வீட்டை விட்டுப் போய்விட்டதா? என்னைப் பிடிக்கவில்லையா?

சந்தனம் உதிர்ந்துவிட்டது. நானே அரைத்து அப்பினேன். மோதிரத் தடத்துக்கு எங்கே போவேன்? தெருவில் மோட்டார் சத்தம் கேட்டாலே இவர்தானோ என்று ஓடிப்போய் எட்டிப்பார்க்கிறேன். அத்தானை உடனே அனுப்பிவை. வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பிரகதா

குடுமியான்மலை
ஆனி 25

அன்புள்ள தங்கச்சி பிரகதாவுக்கு,

முத்துமாரியம்மாள் எழுதிக்கொண்டது. உன் கடிதம் பார்த்துச் சோறு இறங்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சி இப்படியா கலங்குவது?

தெய்வக்குற்றம் ஒன்றும் இல்லை. உன் மனசு ஆறட்டும் என்றுதான் சொல்கிறேன், யாரிடமும் மூச்சு விடாதே. செவந்தி சாகவில்லை. பிள்ளை இல்லை என்று அவளை வண்டியேற்றி அனுப்பிவிட்டு, நாகப்பட்டினத்தில் காலரா வந்து போய்விட்டாள் என்று ஊருக்குச் சொன்னார்கள். உயிரோடு இருப்பவளுக்குப் படைத்தால் குடும்பத்துக்கு ஆகாது. அதனால் ஊருக்காகச் சேலையை உள்ளே கொண்டுபோய்க் காட்டிவிட்டு, வைக்காமல் திருப்பி எடுத்துவிடுவாராம். அதுதான் பெட்டி காலி. அவள் கோட்டைப்பட்டினத்தில் கருவாடு காயவைத்துப் பிழைக்கிறாள். உன் அத்தானே பார்த்திருக்கிறார்.

கறையானைத் தட்டும்போது சந்தனம் உதிர்ந்தது என்று மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொள். திறந்ததாகக் காட்டாதே. கும்பிட்டபடியே கும்பிட்டுக்கொண்டிரு. உன் அத்தானுக்கு மாப்பிள்ளை மண்டியில்தான் வேலை, அவர் எப்படி வருவார்? நல்லபடியாகப் பெற்றெடு.

உன் அக்காள்,
முத்துமாரி

கறம்பக்குடி
ஆனி 30

முத்துமாரியம்மாளுக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தான் அவளைப் பார்த்தது என் கல்யாணத்துக்கு முன்பா பின்பா என்று நான் கேட்கப்போவதில்லை. "மூத்தா தெய்வமாப் போயிட்டா, ஒனக்கு ஒரு கொறையும் வராது" என்று சொல்லி என் தலையில் பூ வைத்தவள் நீ. காலி அறைக்கு முன்னால் வெள்ளிதோறும் விழுந்து எழுகிறேன் என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டும் பேசாமல் இருந்தாய்.

எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். வயிற்றில் இருப்பது தங்காமல் போனால், எனக்கு எந்த நோயைச் சொல்வார்கள்? காலராவைத்தான் அவளுக்குச் சொல்லியாகிவிட்டதே.

நாளைக் காலை மருதாயியோடு அறந்தாங்கிக்கு மோட்டாரிலும், அங்கிருந்து வண்டியிலும் கோட்டைப்பட்டினம் போகிறேன். மஞ்சள் சேலையை எடுத்துக்கொண்டேன். செவந்தி அக்காள் கட்டிக்கொள்வாளோ, என் மூஞ்சியில் வீசுவாளோ, தெரியாது. காலில் விழுந்தாவது கூட்டிவந்து, கறம்பக்குடிச் சந்தை கூடும் நேரத்தில் நடுத்தெருவில் அவளோடு நடக்கப்போகிறேன். ஊர் அவளைக் கண்ணால் பார்த்துவிட்டால், அப்புறம் நான் செத்தேன் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

மூத்தாள் அறைச் சாவியை இத்துடன் துணியில் முடிந்து அனுப்பியிருக்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லை என்று எனக்கு முன்பே தெரிந்தவள் நீ. நீயே வைத்துக்கொள்.

பிரகதாம்பாள்