சீல் உடைக்காத டப்பா

12 ஆகஸ்ட், செவ்வாய். கிள்ளான்.

பிரிக்பீல்ட்ஸ் டீச்சரோட ஹைப்ரிட் காருக்கு இன்னிக்கு ஏர்கோன் கேஸ் போட்டேன். "ஐஸ் மாதிரி இருக்குலா அண்ணே"ன்னு சிரிச்சிட்டுப் போனாங்க. ஒர்க்‌ஷாப்பைப் பூட்டும்போதுதான் பார்த்தேன். கேஸோட சேர்த்து ஊத்த ஹைப்ரிட்டுக்குன்னு வாங்கின கம்ப்ரசர் எண்ணெய் டப்பா சீல் உடைக்காம அப்படியே இருக்கு. கைப்பழக்கத்துல சாதா கார் எண்ணெயை ஊத்தித் தொலைச்சிருக்கேன். அது கம்ப்ரசர்ல கரண்ட்டைக் கசிய விடும். திடீர்னு ஒருநாள் கார் ஸ்டார்ட்டே ஆகாது.

உடனே போன் பண்ணேன். "டீச்சர், நாளைக்குக் காரைக் கொண்டு வாங்க, சும்மா ஒரு செக்கிங்."

"எதுக்குண்ணே? நீங்க கை வச்சா தப்பே வராதே! காலையில ஏழு மணிக்கு அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஜெஞ்சாரோம் டவுனுக்குப் போறேன்."

"சரி டீச்சர்"னு வச்சிட்டேன். சரியாம், சரி! அந்த ஒரு பாராட்டுக்கு வாயை மூடிக்கிட்டேனே.

ஏழு மணிக்குக் கிளம்புவாங்க. ஆறரைக்கே அவங்க வீட்டு கேட்டுல நிக்கணும், அந்த டப்பாவோட.