சொம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த அம்மா

ஒக்டோபர் 18, சனி

நித்திரை வரவில்லை. தீம் பார்க்கில் ஹலோவீனுக்குப் பூசணிக்காய் விளக்குகள்தான் வைத்திருக்கிறார்கள் என்று பொய் சொல்லி இன்றைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பயந்து அலறுவதை வீடியோ எடுத்து அப்பாவுக்குக் காட்டுவதுதான் திட்டம்.

அங்கிருந்த பேய் வீட்டுக்குள் நடைப்பிண வேஷம் போட்ட முதல் ஆள் தள்ளாடி வந்தபோது, "உது சொம்பி இல்லையம்மா, சோம்பேறி. நடையைப் பாருங்கோ," என்றேன். அம்மா சிரிக்கவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்தார். அடுத்த மூலையில் மரம் அறுக்கும் மெஷின் ஒன்று உறுமியது. நான் அந்தக் கையை உதறிவிட்டு ஓடினேன். வெளியே வந்து மூச்சு வாங்கிய பிறகுதான் அம்மாவின் நினைவே வந்தது.

பத்து நிமிடம் கழித்து ஒரு சொம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் வந்தார். முகமெல்லாம் சிவப்புச் சாயம் பூசிய பெடியன்.

"அன்ரி, உதில நிக்கிறவவோ உங்கட மகள்?"

"ஓம் தம்பி. ஜக்கெற் ஒண்டு போடுமன், குளிருதெல்லே."



வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம், "என்ன, உவள் பயந்துபோனாளோ?" என்றார்.

"சீ, அவள்தான் என்ர கையைப் பிடிச்சு வெளியில கூட்டிக்கொண்டு வந்தவள்," என்றார் அம்மா.

அம்மா என்னை ஏசியிருந்தால் நிம்மதியாகப் படுத்திருப்பேன். வீடியோவை அழித்துவிட்டேன். அதில் என் அலறல் மட்டும்தான் இருந்தது.

அம்மாவின் அறைக் கதவுக்கு அடியில் இன்னும் வெளிச்சம் தெரிகிறது. ஒருநாளும் அவர் லைட்டை எரியவிட்டுப் படுப்பவர் அல்ல. அப்பாவும் நைட் ஷிஃப்டுக்குப் போய்விட்டார். போய், எனக்குப் பயமாக இருக்கிறது, என்னோடு வந்து படுங்கோ என்று பொய் சொல்லப் போகிறேன். அது முழுப் பொய்யும் இல்லை.