அப்பாவின் பாதத்துக்குச் சூடு தெரியவில்லை

நியாலாஸ்

அன்பு மகள் அகல்யாவுக்கு அம்மா எழுதுவது. கடல் தாண்டிச் சபா மாநிலத்தில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொன்னால் நீயும் அழுவாய், நானும் அழுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும், அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். போன புதன்கிழமை ஆப்பரேஷன் நடந்தது. உன்னிடம் சொல்லக்கூடாது என்று உன் அண்ணன் திவாகரிடமும் என்னிடமும் சத்தியம் வாங்கியிருந்தார், அதை நான் மீறிவிட்டேன்.

நர்ஸ் படிக்கிற பிள்ளைக்கு ஆராய்ச்சி எதற்கு, ஊசி போடத் தெரிந்தால் போதாதா என்று முதலில் கேட்டவர் அவர்தான். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளில் இரண்டு பேருக்குத்தான் லெக்சரரோடு சேர்ந்து செய்ய இடம், அப்பா மாதிரி இனிப்புநீர்க்காரர்களுக்குச் சர்க்கரை கூடிப் பாதத்தில் உணர்ச்சி போவதைப் பற்றிய ஆராய்ச்சி என்று நீ சொன்ன பிறகு தாமானில் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தார். உனக்கு அந்த இடம் கிடைத்தால் தீ மிதிக்கிறேன் என்று எனக்குக்கூடத் தெரியாமல் அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார். கிடைத்ததும் காப்புக் கட்டிக்கொண்டார். போன லீவில் நீ நைலான் நூலால் அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உணர்ச்சி போய்விட்டது, இனி வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்று சொன்னாயே, அதை ஞாபகப்படுத்தினேன். அம்மன் முன்னால் செருப்புப் போட்டுக்கொண்டா மிதிப்பார்கள் என்று என் வாயை அடைத்துவிட்டார்.

தீமிதி அன்று மற்றவர்கள் எல்லாம் குழியை ஓடித்தான் கடந்தார்கள். அவர் மட்டும் மெதுவாக நடந்தார். "சாமிக்கண்ணு அண்ணனுக்குச் சூடே ஏறல லா, அம்மா மடியில தூக்கிட்டுப் போயிட்டா" என்று பக்கத்து வீட்டு ராமாத்தாள் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் பூரித்துப் போனேனடி. மஞ்சளை அரைத்துப் பாதத்தில் பூசினேன். வலிக்கவில்லை என்றார், பூட்ஸை மாட்டிக்கொண்டு ஜாகா காவல் வேலைக்குப் போனார், கொப்புளம் உடைந்தது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் காலைத் தூக்கிப் பார்த்தேன். அதற்குள் எல்லாம் கைமீறிப் போய்விட்டது.

அம்மன் கேட்டதைக் கொடுத்தாள், அதற்கு ஒரு காலை எடுத்துக்கொண்டாள் என்று இப்போது அதே ராமாத்தாள் அக்கா ஆறுதல் சொல்கிறார். எனக்குக் கோயில் பக்கம் முகத்தைத் திருப்பவே பிடிக்கவில்லை. நேற்றுக் கட்டு மாற்ற வந்த நர்ஸ், உன் வயசுதான் இருக்கும், எப்படி அங்கிள் சுட்டதே தெரியாம இருந்தீங்க என்று கேட்டது. அப்பா சிரித்துக்கொண்டே, "என் மவளக் கேளும்மா, அவ அதத்தான் படிக்கிறா" என்றார். நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நீ வந்துவிட்டால் உன் இடம் வேறொருத்திக்குப் போய்விடும், தான் தீ மிதித்தது வீணாகிவிடும் என்பார் அப்பா. வா என்று எழுதவும் முடியவில்லை, வராதே என்று எழுதவும் மனமில்லை. நீயே முடிவு செய்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே, நீ நல்லபடியாகப் படித்து நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அப்பாவுக்கு இன்னும் இடது கால் இருக்கிறது. அதில் நான் தினமும் எதைப் பார்க்க வேண்டும், எங்கே தொட வேண்டும் என்று எனக்குப் புரிகிற மாதிரி உடனே எழுது. உன் ஆராய்ச்சி முடிகிறவரை அது காத்திருக்காது.

உன் அம்மா,
கோமளா