அப்பாவின் இடது கால்

திருவண்ணாமலை

அன்பு மகள் வினோதினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குட்டி இனியாவும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். தினமும் போனில் பார்க்கிறோமே, இதென்ன புதுசாகக் கடிதம் என்று கேட்பாய். போன் வந்தால் அப்பா ஒட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், ஸ்பீக்கரையும் போட்டுவிடுகிறார், அவர் காதில் விழாமல் உன்னிடம் ஒரு வார்த்தை பேச வழியில்லை. எதிர் வீட்டு எல்லம்மாள் மகள் கவியா லீவு முடிந்து கனடா திரும்புகிறாள், அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். பாதி படித்ததும் போனைப் போட்டுக் கத்தாதே, முழுதும் படி.

மழை இந்த வருஷம் ஜாஸ்தி. கீழ்பென்னாத்தூர் நிலத்தில் மல்லாட்டை பிடுங்க முடியாமல் தண்ணீர் நிற்கிறது, கடலையெல்லாம் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும்போல. அப்பா அடிக்கடி போய்ப் பார்த்துவிட்டு வருகிறார், போன வாரம் வரை எல்லாம் நீ வாங்கிக் கொடுத்த புதுக் காரில்தான். அதில் குறை சொல்ல மாட்டேன். பழைய காரில் கிளட்சை மிதித்து மிதித்து ராத்திரியெல்லாம் முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகுவாரே, அது இப்போது கம்மி. ஷோரூம்காரப் பெண் இதில் உள்ளே இரண்டு கிளட்ச் இருக்கிறது, ஒரு கியர் ஓடும்போதே அடுத்த கியரை அதுவே தயாராக வைத்துக்கொள்ளும் என்று அழகாகத்தான் சொன்னாள். இரண்டு கிளட்ச் இருக்கிற வண்டியில் மிதிக்க ஒன்றுகூட இல்லையே என்று நான் கேட்டேன், சிரித்தாள். சிரிப்பு அவளோடு போயிற்று. அப்பாவின் இடது காலுக்குக் கார் மாறினது தெரியவில்லை. போன மாதம் நிலத்திலிருந்து திரும்பும்போது குறுக்கே ஆடு வந்ததென்று அந்தக் கால் கிளட்சைத் தேடிப் போய் அகலமாக இருக்கிற பிரேக்கில் ஓங்கி விழுந்தது. என் தலை முன்னால் போய்த் திரும்பியது. பின்னால் வந்த பஸ் எப்படி நின்றது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டிரைவர் இறங்கி வந்து, 'இன்னா பெரியவரே, ஓட்டத் தெரியுமா தெரியாதா'னு எல்லார் முன்னாலும் கேட்டான். முப்பது வருஷமாக ஓட்டுகிற மனுஷன்.

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் செங்கம் ரோட்டில் கிரிவலக் கூட்டம் இன்னும் கலையாமல் இருந்தது. ஆசிரமம் தாண்டுவதற்குள் ஆமை மாதிரி ஊர்ந்து ஊர்ந்து போனோம், திடீரென்று முன்னால் இருக்கிற கண்ணாடித் திரையில் சிவப்பாக இங்கிலீஷில் ஏதோ வந்தது, மணியும் அடித்தது. கியர் பாக்ஸ் சூடாகிவிட்டது, ஓரம் கட்டு என்று அர்த்தமாம். எங்கே ஓரம் கட்டுவது, சுற்றிலும் ஆட்டோ, நடக்கிற ஜனம். வண்டியை அணைத்துவிட்டுச் சூடு ஆறும்வரை நடுரோட்டிலேயே உட்கார்ந்திருந்தோம். இஞ்சி இஞ்சாக நகர்த்தக் கூடாது, முன்னால் இடம் விழும்வரை பிரேக்கிலேயே நின்றுவிட்டு அப்புறம் எடுக்க வேண்டும் என்று சர்வீஸில் பிறகு சொன்னார்கள். இந்த ஊரில் இடம் விட்டு நின்றால் அந்த இடத்தில் இரண்டு பைக்கும் ஒரு இளநீர் வண்டியும் வந்துவிடும். கார்த்திகை தீபக் கூட்டத்தில் இந்த வண்டியை வெளியே எடுக்கவே முடியாது.

இனி சொல்லப் போவதற்குத்தான் இந்தக் கடிதம். வீடியோவில் என் கைக்கட்டைப் பார்த்துக் கேட்டாய், குழாயடியில் வழுக்கிவிட்டாள் என்று அப்பா சொன்னார். வழுக்கவில்லை. ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவிப் பொட்டு வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, அப்பா உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து, பழத்தின் மேல் ஏற்றக் கியரும் போட்டு வைத்தார். நான் எப்போதும் போல முன்னால் நின்று கற்பூரம் காட்டினேன். அவரும் எப்போதும் போலச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவதற்குக் காலை எடுத்தார். பழைய கார் நியூட்ரலில் சும்மா நிற்கும். இதுவோ கியரில் இருந்தது, பிரேக்கிலிருந்து கால் எடுத்ததும் சத்தமில்லாமல் வந்துவிட்டது. அவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார், வண்டி என்னை நோக்கி வருகிறது, நான் நகரவில்லை வினோ. அவர் உட்கார்ந்திருக்கிற வண்டி என்மேல் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பம்பர் இடித்துத் தட்டோடு விழுந்தேன். நான் கத்தினதும் அதே இடது கால்தான், இல்லாத கிளட்சைத் தேடி வந்து பிரேக்கில் விழுந்தது, அதனால் பிழைத்தேன். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு வீக்கம் மட்டும்தான், இப்போது சோறு பிசைகிறேன், பயப்படாதே. இறங்கி ஓடிவந்து என்னைத் தூக்கித் திண்ணையில் உட்கார வைத்தார். கேட்டவர்களுக்கெல்லாம் அந்தக் குழாயடிக் கதையைத்தான் சொல்கிறார்.

ஆனால் மார்கழியில் நீங்கள் வரும்போது சென்னை ஏர்போர்ட்டுக்குத் தானே வருவேன் என்கிறார். இனியாவை முன்னால் உட்கார வைத்து ஊர் காட்டிக்கொண்டு வருவாராம். எனக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் அந்தப் பிள்ளை காருக்கு முன்னால் ஓடுகிற மாதிரியே வருகிறது. போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூப்பிட்டார், தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன். காரில் ஏறப் பயந்துதான் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சாவியை மாட்டிவிட்டுப் போய்ப் படுத்தவர்தான், அப்புறம் காரைத் தொடவில்லை, நிலத்துக்கும் பஸ்ஸில் போய் வருகிறார். மழையில் நனைந்து, அந்த முட்டியோடு படி ஏறி இறங்கி. எல்லம்மாளின் வீட்டுக்காரர் பரசுராமன் கேட்டதற்கு, 'வண்டியில ஏதோ கோளாறு'னு சொன்னாராம். ஓட்டினாலும் பயம், ஓட்டாமல் இப்படிச் சுருண்டு கிடந்தாலும் பயம், நான் என்னதான் செய்வேன்.

அதனால் நீ ஒன்று செய். பெட்டி ஜாஸ்தி, டிக்கி பத்தாது, நாங்களே பெரிய டாக்சி பிடித்து வருகிறோம் என்று நீயாகவே சொன்ன மாதிரி சொல். என் பெயரை இழுக்காதே, பூஜை விஷயம் உனக்குத் தெரிந்ததாகவும் காட்டிக்கொள்ளாதே. வந்த பிறகும் இன்ஜின் ஓடுகிற வண்டிக்கு முன்னால் பிள்ளையை நிற்க வைத்துப் போட்டோ எடுக்காதே, மறந்துவிடாதே. மாப்பிள்ளைக்கும் இனியாவுக்கும் எங்கள் ஆசீர்வாதம். நீ வேளைக்குச் சாப்பிடு, முடிக்கு எண்ணெய் வை. மூன்று பேரும் நல்லபடியாக வந்து சேர அண்ணாமலையார் துணை இருப்பார்.

காலையில் அவரிடம் சாவியைக் கொடுத்து, நிலத்துக்கு நானும் வருகிறேன் என்று சொல்லப் போகிறேன். பயம் போய்விட்டது என்று நினைக்காதே, பயத்தோடுதான் பக்கத்தில் உட்காருவேன். அவர் கால் பழகும்வரை என்னை வைத்துப் பழகட்டும். இனியாவை அப்புறம் ஏற்றலாம்.

உன் அம்மா
மணியம்மாள்