கறுப்புக் கட்டம் கட்டிய காகிதம்

மயிலாப்பூர்
18—6—1934

சிரஞ்சீவி பத்ரிநாராயணனுக்கு அப்பா அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே உன் அம்மாவும் நானும் ஸௌக்கியம், அதிலும் நான் உயிரோடு ஸௌக்கியம் என்பதை முதல் வரியிலேயே போடச் சொல்லி உன் அம்மா பக்கத்தில் நிற்கிறாள், போட்டுவிட்டேன். நீயும் அந்த ஊர் ஈரத்தில் மார்புச் சளி இல்லாமல் இருக்கக் கபாலீசுவரர் கிருபை செய்யட்டும்.

உன் கவர் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது, நான் லஸ்ஸில் வக்கீல் ஆபீஸில் இருந்தேன். உன் அம்மா பிரித்ததும் கையில் வந்தது உன் தமிழ்க் காகிதம் இல்லை, நாலு பக்கமும் கறுப்புக் கோடு இழுத்த இங்கிலீஷ் காகிதம். நம் ஜனங்கள் மூலையில் கறுப்பு மை தடவின காகிதம் வந்தாலே வாசலில் நின்று படித்துக் கிழித்துப் போட்டுவிட்டுத் தலைமுழுகுகிறவர்கள், நீயோ பத்திரிகைக்காரர் வழக்கம் என்று ஸ்கேல் வைத்துக் கட்டமே கட்டியிருக்கிறாய். லண்டனில் நமக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள், அவள் என்ன நினைத்திருப்பாள் என்று நீயே யோசித்துக்கொள். என் குழந்தைக்கு என்னமோ ஆயிடுத்துடி என்று கத்திக்கொண்டு பக்கத்தாத்துக் காமாக்ஷியிடம் ஓடியிருக்கிறாள். காமாக்ஷி நாலாம் பாரம் வரை படித்தவள், தெருவில் தந்தி வந்தால் அவள்தான் வாசிப்பாள், உனக்குத் தெரியும். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு வரி வாசித்துவிட்டு, பத்ரிக்கு ஒண்ணும் இல்லேடி ஜெயம், உங்காத்துக்காரர்தான் போயிட்டாராம் என்று சொல்லியிருக்கிறாள். நான் சாயங்காலம் கத்தரிக்காய்ப் பையோடு வந்தால் வாசலில் இருபது பேர். என்னைக் கண்டதும் உன் அம்மா அழுததை நான் எழுதப் போவதில்லை. இந்த முப்பது வருஷத்தில் அவள் என் கையை எல்லார் எதிரிலும் பிடித்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

உள்ளே மடித்திருந்த உன் தமிழ்க் காகிதத்தை அப்புறம்தான் பார்த்தோம். பத்திரிகைத் தொழில் படிக்கிற முதல் வருஷத்துப் பிள்ளைகளை, தெரிந்த ஒருவர் காலமாகிவிட்டதாக வைத்துக்கொண்டு சேதி எழுதிப் பழகச் சொன்னார்கள், அப்பாவைப் பற்றித்தான் எனக்கு நிறையத் தெரியும், ஆனால் மார்க் மோசம், எனக்கு இது வராது போலிருக்கிறது, பேசாமல் லா படிப்புக்கு மாறிக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தாய். உன் அம்மா அந்த நிமிஷமே, அப்பனைச் சாகடிக்கிற படிப்பு நமக்கு எதுக்கு, அடுத்த கப்பல்ல வரச் சொல்லுங்கோ என்று சொல்லிவிட்டாள். நானும் பாதி மனசாக அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். யார், என்ன, எங்கே, எப்போது என்று கேட்பதுதான் முதல் பாடம் என்று நீ முன்பு எழுதியபோது, இதற்கா ஒருத்தன் கப்பல் ஏறுவான் என்று ஆபீஸில் சொல்லிச் சிரித்தவன் நான்.

எழுதுமுன் நான் காலமான சேதியை ஒரு தடவை படிப்போமே என்று எடுத்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், நான் இவ்வளவு நல்லவன் என்று எனக்கே தெரியாது. நடுவில் நம் தெருக் குழாய்க் கதை வந்தது. 1921-ல் குழாய் பதினோரு நாள் வறண்டு கிடந்தபோது, ஒரு பங்களாக்காரருக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்ட நாணயமற்ற ஓவர்சியரைப் பத்திரிகைக்கு எழுதி அம்பலப்படுத்தித் தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார் என்று எழுதியிருந்தாய். சின்ன வயசிலிருந்து நான் சொல்லி நீ கேட்ட கதைதான். அந்த வரிக்கு எதிரில் உன் உபாத்தியாயர் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி போட்டிருந்தார், அந்த ஓவர்சியரை யாராவது கேட்டார்களா என்று. பத்ரி, எனக்குச் சுருக்கென்றது. நான் கேட்கவில்லை. அவர் பங்களாவிலிருந்து ஒரு கூடை மாம்பழத்தோடு வெளியே வந்ததை என் கண்ணால் பார்த்தேன், அவ்வளவுதான், அன்று சாயங்காலமே "ஒரு வரி செலுத்துவோன்" என்று கையெழுத்துப் போட்டு எழுதிவிட்டேன். தெருவே மெச்சியது. அவரை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். வக்கீல் ஆபீஸில் சாட்சி எங்கே, சாட்சி எங்கே என்று தினம் கேட்கிறவன் செய்த காரியம் இது.

அந்த ஓவர்சியர் இப்போது எங்கே இருக்கிறார் என்று நாலு நாள் அலைந்தேன். பிறகு விசாரித்துக்கொண்டு தியாகராய நகர் போனேன். குலாம் முகம்மது என்று பெயர், புது வீடுகளுக்குக் குழாய் போடுகிற சின்னக் கடை வைத்திருக்கிறார், கூட மகள் அன்வரி பேகமும் பேரப்பிள்ளைகளும். நான்தான் அந்த வரி செலுத்துவோன் என்று சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைக்கவே இல்லை. அந்தப் பங்களாத் தோட்டத்து மாமரங்களைக் குத்தகைக்கு எடுத்திருந்ததே அவர் மச்சான்தானாம், மச்சான் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய கூடையாம் அது. குழாய் தெருமுனையில் பூமிக்குள் வெடித்திருந்ததாம், அதற்கு அவர் மூன்று தடவை மேலே எழுதிப் போட்டாராம். அந்த மூன்று காகிதத்தின் நகலையும் எனக்குக் காட்டினார். இன்னா ஐயரே, பதிமூணு வருசம் கயிச்சு கேக்க வந்துகீறே, அப்பவே ஒரு தபா வந்து கேட்டிருந்தா ரெண்டு மாம்பயம் துன்னுட்டுப் போயிருப்பியே என்று சொல்லிச் சிரித்தார். அடித்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். மகள் திரைக்குப் பின்னாலிருந்து, எங்க நைனா பேரை முயுசா போட்டாங்களே, உங்க பேரு எங்க இருந்துச்சு என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நடந்தது நடந்தபடி எழுதினேன், கீழே சங்கரன் என்று பெயரும் தெருவும் வீட்டு நம்பரும் போட்டேன். ஊர் சிரிக்காதா என்று உன் அம்மா பயந்தாள், சிரிக்கட்டும் என்றேன். பத்திரிகை ஆபீஸில் இதெல்லாம் பழங்கதை ஸார் என்றார்கள். மூன்று நாள் போய் அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தேன், நாலாம் நாள் எட்டு வரியில் போட்டார்கள். இத்துடன் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். ஆபீஸில் இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறார்கள், காமாக்ஷி மட்டும் தெருவெல்லாம் உரக்க வாசித்துக் காட்டினாள், இந்தத் தடவை சரியாகவே வாசித்தாள்.

ஆகையால் லா பேச்சை விடு. உனக்கு வராது என்று யார் சொன்னது, அந்த மோசமான மார்க் உனக்குப் போட்டதில்லை, எனக்குப் போட்டது. நீ நான் சொன்னதைக் கேட்டு எழுதினாய், நான் சொன்னது பொய். அந்தச் சிவப்பு மைக் கேள்வியைச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் என் பிள்ளை உட்கார்ந்திருக்க வேண்டும், எனக்கு அதில் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், அவள் ஆயுஷ்ய ஹோமம் செய்து முடித்துவிட்டு, படிக்கட்டும், ஆனால் இனிமேல் யாருக்காகவும் கறுப்புக் கோடு இழுக்கக் கூடாது என்றாள். நார்த்தங்காய் உலர்த்தி வைத்திருக்கிறாள், அடுத்த மாதம் அந்தப் பக்கம் வருகிறவரிடம் கொடுத்தனுப்புகிறோம். நீ அந்தச் சேதியைத் திருத்தி எழுதி உபாத்தியாயரிடம் மறுபடி கொடு. குழாய்க் கதையில் குலாம் முகம்மது பெயரை முழுசாகப் போடு, மாம்பழக் கூடையையும் விடாதே. நான் போன தேதிக்கு இடம் விட்டிருந்தாயே, அதை அப்படியே விட்டுவை, அவசரம் ஒன்றுமில்லை.

நேற்று ஒரு பிரதி கொடுக்கத் தியாகராய நகர் போயிருந்தேன். அன்வரி பேகம் பழைய பத்திரிகைத் துண்டையும் இத்தனை வருஷம் பெட்டியில் வைத்திருந்தாளாம், இரண்டையும் கடைச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். பழையதை எடுத்துவிடும்மா என்று கேட்டுப் பார்த்தேன், ரெண்டும் இருக்கட்டும் என்றாள். நின்று இரண்டையும் படித்தேன். முதலாவதில் அவர் பெயர் மட்டும் இருக்கிறது, இரண்டாவதில் எங்கள் இருவர் பெயரும் இருக்கிறது. ஐம்பது வயசில் என் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. நீ எழுதப்போகும் முதல் சேதியே அந்த இரண்டாவது துண்டு மாதிரி இருக்கட்டும், வேறே ஆசீர்வாதம் எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே.

இப்படிக்கு, காலமாகாத உன் அப்பா,
சங்கரன்