கையைக் கட்டிக்கிட்டு நில்லு

வீட்டு மகாராணிக்கு உன் கிழவனோட கும்பிடு. முட்டிவலி தேவலையா? திட்டறதுக்கு நான் இல்லாம உன் வாய் துருப்பிடிச்சிருக்குமே!

நான் வேன் ஓட்டுற சென்டர்ல, நம்ம பையன் மாதிரி மனவளர்ச்சி குறைஞ்ச பெரியவங்க பகல்ல வந்து வேலை பழகுறாங்க. நேத்து சாயங்காலம் ஒருத்தர் சட்டை பட்டன் போட ரொம்ப நேரம் திணறினாரு. வேன் கிளம்பணுமேன்னு நானே போட்டுவிட்டேன். மனுஷன் என்னை முறைச்சுட்டு, அத்தனையையும் கழட்டி, முதல்லேருந்து போட்டாரு! வேனே காத்துக் கிடந்துச்சு. டீச்சரம்மா சிரிச்சாங்க. "தாத்தா, இங்க உதவி பண்றதுன்னா முதல்ல கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். அவங்க கூப்பிட்டாத்தான் கிட்ட போகணும்."

நம்ம பையனுக்கு நாப்பது வயசாச்சு. இன்னும் நீதான் பட்டன் போட்டுவிடுறே. நாம போனப்புறம் யாருடி போடுவா? நம்ம ஊர்லயும் இப்படி சென்டர் இருக்கான்னு விசாரி. அதுவரைக்கும் நீயும் கையைக் கட்டு. வாயைக் கட்டச் சொல்லல, அது உன்னால ஆகாது.

தைலம் ஒண்ணு அனுப்பு. அவன் போட்டோவும் அனுப்பு, ரூம் சுவர் வெறிச்சுன்னு இருக்கு. சட்டையை அவனே போட்டிருக்கணும். பட்டன் மேல கீழ மாறியிருந்தாலும் தொடாதே, அப்படியே எடு.

எல்லாரும் வேன்ல ஏறிட்டாங்க. வரேன்டி.