ஆளில்லாத தெருவின் குழாயை மூடாதிருக்க வேண்டி

அனுப்புநர்:
மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி இயக்குபவர்,
தெருவின் கடைசி வீடு.

பெறுநர்:
உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்,
குடிநீர் வழங்கல் அலுவலகம்.

பொருள்: குடியிருப்போர் இல்லை என்று எங்கள் தெருக்குழாயைத் துண்டிக்கும் உத்தரவை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஊரில் இப்போது குடியிருப்பது நான் ஒருத்திதான். மற்றவர்கள் ஆசைப்பட்டு நகரத்துக்குப் போகவில்லை. கிணறு வற்றியது. விதைத்தது முளைக்கவில்லை. பிள்ளைகள் குறைவு என்று பள்ளியை மூடினார்கள். பள்ளி இல்லை என்று இன்னும் நாலு குடும்பம் கிளம்பியது. ஏற ஆளில்லை என்று பேருந்தை நிறுத்தினார்கள். ஒரு குடம் தண்ணீருக்குப் பக்கத்து ஊர் வரை நடந்து சலித்த என் மகளும் தையல் ஆலை விடுதிக்குப் போய்விட்டாள். அதன் பிறகுதான் தங்கள் குழாய் வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

2. "ஒரு ஆளுக்கு இவ்வளவு தண்ணியா? எங்கம்மா விக்கிற?" என்று தங்கள் உதவிப் பொறியாளர் கேட்டார். நான் விற்கவில்லை ஐயா. விடியுமுன் வால்வைத் திறக்கிறேன். தெருவில் யாரும் கண்ணில் படுவதில்லை. ஆனால் குடம் நிறையும் சத்தம் கேட்கிறது. ஒன்று நிறைந்ததும் அடுத்தது. பூட்டிய வீடுகளின் வாசலில் ஈரக் காலடிகள் கிடக்கின்றன. முதலில் வால்வைத் திறந்ததும் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்வேன்.

3. நகரத்தில் கட்டட வேலை பார்க்கும் எதிர்வீட்டுக் கொத்தனார் போனில் அவராகவே சொன்னார்: "அக்கா, தெனமும் விடிகாலைல நம்ம தெருக்குழாய்ல தண்ணி புடிக்கிற மாதிரியே கனவு. எந்திரிச்சுப் பாத்தா கையெல்லாம் ஈரம்." என் மகளோ போனில் கோபித்துக்கொண்டாள்: "பின்னாடியே குடத்தோட நிக்கிறேன், நீ திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குற." மறுநாள் திரும்பி, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்து வைத்தேன். "இன்னைக்குச் சிரிச்சியேம்மா" என்றாள். அதோடு என் பயம் போயிற்று.

4. சென்ற மாதம் கசிவுச் சோதனை என்று உதவிப் பொறியாளர் வால்வைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோனார். அன்று பொழுது ஏறியும் குழாயடியில் குடங்கள் உரசிக்கொண்டே இருந்தன. விடுதிக் காப்பாளர் பதறிப்போய்க் கூப்பிட்டார்: "உங்க பொண்ண எவ்வளவு தட்டியும் எந்திரிக்கல. மூச்சு மட்டுந்தான் ஓடுது." கொத்தனாரையும், ஊரைவிட்டுப் போன இன்னும் பலரையும் மருத்துவமனைக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். காரணம் யாருக்கும் தெரியவில்லை. மாலையில் சாவி வந்தது, திறந்தேன். ஒவ்வொருவராகக் கண் விழித்தார்கள். ஏன்டி எழுந்திருக்கவில்லை என்று மகளிடம் கேட்டேன். "வெறுங்குடத்தோட எப்படிம்மா வர்றது?" என்றாள்.

5. வரும் திங்கட்கிழமை இணைப்பைத் துண்டிப்பதாக உத்தரவு. வராதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். "தூக்கத்துல கால் போற எடத்துக்கு நான் என்னக்கா பண்றது?" என்கிறார் கொத்தனார். என் வேலையை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் திருடினேன் என்று வழக்குப் போட்டாலும் ஒப்புக்கொள்கிறேன். குழாயை மட்டும் மூட வேண்டாம்.

மூடித்தான் ஆக வேண்டுமென்றால், அன்று விடியுமுன் தாங்களே நேரில் வாருங்கள். ஆளில்லாத அந்த வரிசையின் முன் நின்று, இனி தண்ணீர் இல்லை, எல்லோரும் போய்க் கண் விழியுங்கள் என்று தங்கள் வாயால் சொல்லுங்கள். என் மகளிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

இடம்: தொட்டியடி
நாள்: வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
தொட்டி இயக்குபவர்
(ஒப்பம்)